10க்கு 12 படுக்கையறையைப் பெர்ஸ்பெக்டிவில் அளந்து வரைவது எப்படி?

அறையின் உட்புறத்தைப் பெர்ஸ்பெக்டிவில், அதாவது தள்ளி இருப்பது சிறிதாகத் தெரியும் முறையில், வரையும்போது அகலமும் உயரமும் பெரும்பாலானோருக்குச் சரியாகவே வந்துவிடும். சறுக்குவது ஆழத்தில்தான். மறைபுள்ளியிலிருந்து (உள்நோக்கி ஓடும் இணைகோடுகள் தாளில் போய்ச் சேரும் புள்ளி) நான்கு மூலைக்கோடுகளை இழுத்தபின், தரை எங்கே முடிகிறது, கட்டில் எவ்வளவு நீளம், டைல்ஸ் வரிசைக்கு வரிசை எவ்வளவு பெரிதாகிறது என்பதையெல்லாம் கண் மதிப்பில் போட்டுவிடுகிறோம். விளைவு, 10 அடி ஆழ அறை 20 அடிக் கூடமாகத் தெரிகிறது. ஆறரை அடிக் கட்டில் நான்கு அடியாகச் சுருங்குகிறது.

ஆழத்தை மதிப்பிடவே வேண்டாம். அதையும் ஸ்கேல் வைத்து அளந்து போடலாம். அதற்குப் பென்சிலை எடுக்கும் முன்பே ஒரு முடிவு தேவை: பார்ப்பவர் பின்சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறார்? இந்த ஒரு எண் தெரிந்தால் அறைக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளின் ஆழமும் தானே நிர்ணயமாகிவிடும். அது தெரியாமல் வரைந்த அறையில் எவ்வளவு நுணுக்கமாக நிழல் போட்டாலும் தரை சரிந்தே நிற்கும்.

வரையப்போகும் அறை

தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணமாகக் காணும் படுக்கையறையையே எடுத்துக்கொள்வோம். அகலம் 12 அடி, ஆழம் 10 அடி, உயரம் 10 அடி. தரையில் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ். பின்சுவரில் 4 அடிச் சதுர ஜன்னல். அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 3 அடி, மேல்விளிம்பு லிண்டல் மட்டமான 7 அடி. இடச்சுவரில் 3 அடி அகலம், 7 அடி உயரக் கதவு. வலச்சுவர் நெடுக 7 அடி உயரத்தில் 2 அடி அகலப் பரண், அதன் கீழே பீரோ. பின்சுவரில் தலைமாடு வைத்து 5 அடிக்கு 6½ அடிக் கட்டில். கூரை நடுவில் 48 அங்குல மின்விசிறி.

உங்கள் அறையின் அளவு வேறாக இருக்கலாம். முதல் முறை இதே அளவுகளில் வரைந்து பாருங்கள். கீழே ஒவ்வொரு கட்டத்திலும் சென்டிமீட்டர் கணக்கு தந்திருக்கிறோம். உங்கள் கோடு அதனோடு ஒத்துப்போகிறதா என்று உடனுக்குடன் சரிபார்க்க முடியும்.

தேவையானவை: ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள் ஒன்று (42 × 29.7 செ.மீ.), அதை ஒட்ட மாஸ்கிங் டேப், பலகை, 2எச், எச்பி, 2பி பென்சில்கள், 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், செட் ஸ்கொயர், ஒரு குண்டூசி. டி-ஸ்கொயரோ மினி டிராஃப்டரோ இருந்தால் கிடைக்கோடுகள் பிசகாது. கட்டுமானக் கோடுகள் எல்லாவற்றையும் 2எச் பென்சிலில், அழுத்தாமல் போடுங்கள். அழித்தபின் தாளில் பள்ளம் நிற்கக் கூடாது.

நான்கு முடிவுகள்

முதலாவது, அளவுமானம். பின்சுவரில் 1 அடிக்கு 1 செ.மீ. இந்த அளவு பின்சுவரில் மட்டுமே செல்லும் என்பதை மறக்க வேண்டாம். நம்மை நோக்கி வர வர ஒரு அடியின் நீளம் தாளில் கூடிக்கொண்டே போகும்.

இரண்டாவது, கண்மட்டம். நிற்பவரின் கண் ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருக்கும். ஆனால் 10 அடி உயர அறையில் 5 அடி என்பது சரிபாதி. தரையும் கூரையும் ஒரே அளவில் விழுந்து படம் உயிரின்றித் தட்டையாக இருக்கும். அதனால் இங்கே 4½ அடி வைக்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்த பார்வை வேண்டுமானால் 4 அடிக்கும் குறைவாகவே போகலாம். அப்போது தரை ஒடுங்கிவிடும், கட்டிலின் மேற்பரப்பு மெல்லிய பட்டையாகத்தான் தெரியும்.

மூன்றாவது, பக்கவாட்டு நிலை. அறையின் நடுவில் நிற்காமல் இடச்சுவரிலிருந்து 7 அடி, வலச்சுவரிலிருந்து 5 அடியில் நில்லுங்கள். எந்தச் சுவரை விட்டு விலகி நிற்கிறோமோ அந்தச் சுவர் அகலமாகத் தெரியும். இங்கே கதவுள்ள இடச்சுவர் விரிகிறது.

நான்காவதுதான் எல்லாவற்றுக்கும் தலையானது. பின்சுவரிலிருந்து 20 அடி தூரம். அறையின் ஆழமே 10 அடிதானே என்று கேட்கலாம். முன்சுவரை எடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே இன்னும் 10 அடி தள்ளி நிற்கிறோம். கட்டடக்கலை மாணவர்கள் வரையும் உள்ளறைப் படங்களில் இது வழக்கமான ஏற்பாடு. ஏன் அவ்வளவு தூரம்? பின்சுவரிலிருந்து முன்னால் வரும் ஒவ்வொரு இடத்திலும் படம் எத்தனை மடங்கு பெரிதாகிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: பார்வைத் தூரத்தை, அந்தத் தூரத்திலிருந்து முன்னால் வந்த அடிகளைக் கழித்துக் கிடைப்பதால் வகுக்க வேண்டும். 20 அடித் தூரத்தில் நின்றால், 10 அடி முன்னால் 20 ÷ 10, அதாவது 2 மடங்கு. இதையே 14 அடித் தூரத்தில் நின்று வரைந்தால் 14 ÷ 4, அதாவது 3½ மடங்கு. 12 அடி அகலம் 42 செ.மீ. ஆகித் தாளை முழுக்க நிரப்பிவிடும். முன்வரிசை டைல்ஸ் சதுரமாகவே தெரியாது, நம்மை நோக்கி நீண்டு வழியும். அறை உட்புறப் படங்களில் காணும் பெரும்பாலான இழுபட்ட தோற்றத்துக்குக் காரணம், மிகக் கிட்டத்தில் நின்றதுதான்.

தாளில் முதல் கோடுகள்

தாளைப் படுக்கை வசத்தில் ஒட்டுங்கள். கீழ்விளிம்பிலிருந்து 14 செ.மீ. உயரத்தில் தாளின் முழு அகலத்துக்கும் ஒரு கிடைக்கோடு. இது கண்மட்டக் கோடு. அதில், தாளின் இடவிளிம்பிலிருந்து 23 செ.மீ.யில் ஒரு புள்ளி: மறைபுள்ளி. அதே கோட்டில் இடவிளிம்பிலிருந்து 3 செ.மீ.யில் இன்னொரு புள்ளி: தூரப்புள்ளி. இரண்டுக்கும் இடையே 20 செ.மீ.; பின்சுவரிலிருந்து நாம் நிற்கும் 20 அடி இப்படித்தான் தாளுக்குள் வருகிறது.

பின்சுவர்: இடவிளிம்பிலிருந்து 16 செ.மீ.யிலும் 28 செ.மீ.யிலும் இரண்டு செங்குத்துக் கோடுகள். தரைக்கோடு கீழ்விளிம்பிலிருந்து 9.5 செ.மீ., கூரைக்கோடு 19.5 செ.மீ. கிடைப்பது 12 × 10 செ.மீ. செவ்வகம். மறைபுள்ளி அதற்குள், தரைக்கோட்டுக்கு 4.5 செ.மீ. மேலே, இடமூலையிலிருந்து 7 செ.மீ.யில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது மறைபுள்ளியில் குண்டூசியைச் செங்குத்தாகக் குத்துங்கள். ஸ்கேலை ஊசியில் சாய்த்து, நான்கு மூலைகள் வழியாகவும் வெளிநோக்கிக் கோடு இழுங்கள். ஊசி தேவையா என்று நினைக்க வேண்டாம். நாற்பது ஐம்பது கோடுகள் ஒரே புள்ளியைத் தேடி வரப்போகின்றன. ஒவ்வொரு முறையும் பென்சில் முனையின் கனம் அளவுக்குப் புள்ளி நகர்ந்தால், கடைசியில் கட்டில் ஒரு திசையிலும் தரை ஒரு திசையிலும் ஓடும். மிலான் நகர மடத்துச் சுவரில் லியனார்டோ டா வின்சி 1490களில் வரைந்த இறுதி இராவுணவு ஓவியத்தில், இயேசுவின் நெற்றிப்பொட்டருகே ஆணி அடித்த துளை இருக்கிறது. அறையின் கோடுகள் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வீட்டு உள்ளறைகளை வரைந்த யோஹானஸ் வெர்மீரின் பல ஓவியங்களிலும் மறைபுள்ளியில் ஊசித்துளை கண்டறியப்பட்டிருக்கிறது.

படத்தின் வெளிச்சட்டம்: இடவிளிம்பிலிருந்து 9 செ.மீ., 33 செ.மீ.; கீழிருந்து 5 செ.மீ., 25 செ.மீ. அதாவது 24 × 20 செ.மீ. அறையின் முன்விளிம்பு பின்சுவரைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. நான்கு மூலைக்கோடுகளும் இந்தச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் துல்லியமாக வந்து முட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி முட்டினாலும் இப்போதே திருத்துங்கள். இங்கே விடும் பிழை கடைசிவரை கூட வரும்.

ஆழத்தை அளப்பது

பின்சுவரின் தரைக்கோட்டை இடமூலையைத் தாண்டி இடப்பக்கமாக நீட்டுங்கள். மூலையிலிருந்து 1, 2, 3 என்று 10 செ.மீ. வரை குறியிடுங்கள். ஒவ்வொரு குறியும் பின்சுவரிலிருந்து நம்மை நோக்கி வரும் ஒரு அடி.

தூரப்புள்ளியில் ஸ்கேலை வைத்து, 2ஆம் குறியின் வழியாகக் கோட்டை நீட்டி, இடப்பக்கத் தரை மூலைக்கோட்டை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். அந்த வெட்டுப்புள்ளிதான் பின்சுவரிலிருந்து 2 அடி முன்னால் உள்ள இடம். இப்படியே 4, 6, 8, 10. வெட்டுப்புள்ளிகளிலிருந்து வலச்சுவர் வரை கிடைக்கோடு போட்டால் டைல்ஸின் குறுக்குக் கோடுகள் வந்துவிடும். கண்மட்டக் கோட்டிலிருந்து கீழே இவை இருக்க வேண்டிய தூரம்: 2 அடிக்கு 5.0, 4 அடிக்கு 5.6, 6 அடிக்கு 6.4, 8 அடிக்கு 7.5, 10 அடிக்கு 9.0 செ.மீ. இடைவெளிகளைக் கவனியுங்கள்: முதல் வரிசை அரை செ.மீ., கடைசி வரிசை ஒன்றரை செ.மீ. ஒரே டைல் மூன்று மடங்காகிறது. கண் மதிப்பில் போடும் கை இவ்வளவு வித்தியாசத்துக்குத் துணியாது. பின்வரிசைகளை அகலமாகவும் முன்வரிசைகளைக் குறுகலாகவும் போட்டுச் சமப்படுத்திவிடும்.

தூரப்புள்ளி ஏன் வேலை செய்கிறது? தரையில் 45 பாகையில் இடப்பக்கமாக உள்நோக்கி ஓடும் கோடுகள் எல்லாம் அந்தப் புள்ளியில்தான் போய்ச் சேரும். 45 பாகைக் கோட்டில் பக்கவாட்டில் நகர்ந்த தூரமும் ஆழத்தில் நகர்ந்த தூரமும் சமம். ஆகவே தரைக்கோட்டில் பக்கவாட்டாக அளந்ததை அது அப்படியே ஆழமாக மாற்றித் தருகிறது.

நெடுக்குக் கோடுகளுக்குப் பின்சுவர்த் தரைக்கோட்டில் 2 செ.மீ.க்கு ஒரு குறி வைத்து, ஊசியிலிருந்து ஒவ்வொரு குறி வழியாகவும் முன்விளிம்பு வரை இழுங்கள். அகலத்தில் 6, ஆழத்தில் 5, மொத்தம் 30 டைல்ஸ்.

தரை சரியா என்று சோதிக்க ஒரே கோடு போதும். தூரப்புள்ளியிலிருந்து பின்சுவரின் இடப்பக்கத் தரைமூலை வழியாக நேர்கோடு இழுங்கள். அது ஒவ்வொரு டைலின் மூலையையும் வரிசையாகத் தொட்டு, முன்விளிம்பில் வலச்சுவரிலிருந்து ஒரு டைல் தள்ளிய மூலையில் முடிய வேண்டும். மூலைவிட்டம் நேராக ஓடினால்தான் கட்டங்கள் சரி என்ற இந்தச் சோதனையை 1435இலேயே ஃபிளாரன்ஸ் பக்கத்து ஓவியர்களுக்கு இத்தாலியக் கட்டடக் கலைஞர் லியோன் பட்டிஸ்டா ஆல்பர்ட்டி எழுதிவைத்தார். இன்றும் இதைவிட விரைவான சோதனை கிடையாது.

உயரத்தை எடுத்துச் செல்வது

விதி ஒன்றுதான்: உயரத்தை எப்போதும் பின்சுவரில் அளந்து, ஊசியிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். முன்னால் இருக்கும் பொருளின் உயரத்தை அந்த இடத்திலேயே செ.மீ. கணக்கில் அளக்கக் கூடாது.

ஜன்னல் பின்சுவரிலேயே இருப்பதால் வேலை எளிது. இடமூலையிலிருந்து 4 செ.மீ. முதல் 8 செ.மீ. வரை, தரையிலிருந்து 3 முதல் 7 செ.மீ. வரை ஒரு சதுரம். கவனம் வேண்டியது சுவரின் கனத்தில். 9 அங்குலச் சுவரின் உட்கன்னம் இந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் இடப்பக்கத்திலும் லிண்டல் அடியிலும் 1 மி.மீ. அளவே தெரியும், வலப்பக்கத்திலும் கீழ்த்திண்டிலும் அரை மி.மீ.தான். கூர்மையான பென்சிலில் இரண்டாவது கோடு ஒன்று போட்டால் முடிந்தது. இங்கே அரை செ.மீ. கனம் காட்டிவிட்டால் வீடு கோட்டைச் சுவர் ஆகிவிடும்.

கதவு பின்சுவரிலிருந்து 6½ அடியில் தொடங்கி 9½ அடியில் முடிகிறது. ஆழக் குறிகளில் 6.5, 9.5 இரண்டையும் தூரப்புள்ளி வழியாக இடத் தரைக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பின்சுவரின் இடமூலைச் செங்குத்தில் 7 செ.மீ. உயரத்தில் குறியிட்டு, ஊசியிலிருந்து அதன் வழியாக இடச்சுவரில் கோடு இழுங்கள். இரண்டு தரைப்புள்ளிகளிலிருந்தும் செங்குத்தாக ஏறி அந்தக் கோட்டைத் தொட்டால் கதவு. உள்பக்க உயரம் 10.4 செ.மீ., நம் பக்க உயரம் 13.3 செ.மீ. வர வேண்டும். தாழ்ப்பாளையோ மரச்சட்டங்களையோ நடுவில் வைக்க ஸ்கேலால் பாதி எடுக்காதீர்கள். கதவின் இரு மூலைவிட்டங்களும் வெட்டும் இடம்தான் நடு. அது பாதிக்குச் சற்று உள்பக்கமாக விழும்.

கட்டில் இடச்சுவரிலிருந்து 1 அடி தள்ளி, 6 அடி வரை. மெத்தையோடு உயரம் 2 அடி. பின்சுவர்த் தரைக்கோட்டில் 1, 6 செ.மீ. குறிகளிலிருந்து ஊசிக்கோடுகள், 6½ அடி ஆழத்தில் ஒரு கிடைக்கோடு. தரையில் கட்டிலின் தடம் கிடைத்துவிட்டது. அந்த இரண்டு குறிகளிலும் பின்சுவரில் 2 செ.மீ. உயரச் செங்குத்து நிறுத்தி, அவற்றின் உச்சியை ஊசியிலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். முன்மூலைகளிலிருந்து ஏறும் செங்குத்துகள் அவற்றைத் தொடும் இடத்தில் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் முடிகிறது. அது 7.4 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரமுள்ள சரியான செவ்வகமாக இருக்க வேண்டும். நமக்கு நேரே முகம் காட்டும் எந்தப் பரப்பும் இந்த முறையில் கோணாது. மேற்பரப்பு, கால்மாடு, வலப்பக்கத்தில் ஒரு ஒடுங்கிய பட்டை, இவை மட்டுமே தெரியும். இடப்பக்கம் தெரிந்தால் மறைபுள்ளியை எங்கோ தவறவிட்டிருக்கிறீர்கள்.

பீரோ நல்ல பாடம். 3 அடி அகலம், 1½ அடி ஆழம், 6½ அடி உயரம். வலச்சுவரை ஒட்டி, பின்சுவரிலிருந்து 2 அடியில் தொடங்கி 5 அடியில் முடிகிறது; கதவுகள் இடப்பக்கம் பார்க்கின்றன. தடத்தைப் போட்டு உயர்த்தினால், நம்மைப் பார்க்கும் பக்கப் பலகை 2 செ.மீ. அகலமும் 8.7 செ.மீ. உயரமும் வரும். ஆனால் 3 அடி அகலக் கதவுப்பக்கம் வெறும் 0.8 செ.மீ.தான். கை இதை நம்பாது. பீரோ என்றால் கண்ணாடியும் கைப்பிடியும் தெரிய வேண்டும் என்று 2 செ.மீ. வரை விரிக்கப் பார்க்கும். விரித்தால் பீரோ சுவரை விட்டுத் திரும்பி நிற்பதாகத் தோன்றும். மறைபுள்ளிக்கு நேரே ஓடும் பரப்பு எதுவும், அந்தப் புள்ளிக்குப் பக்கவாட்டில் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஒடுங்கும். பீரோவின் கதவு தெரிந்தே ஆக வேண்டும் என்றால் நிற்கும் இடத்தை இன்னும் இடப்பக்கம் நகர்த்துங்கள். பொருளை வளைக்காதீர்கள்.

பீரோவின் மேல்தட்டு தெரியக் கூடாது. அது கண்மட்டத்துக்கு மேலே. பரணுக்கும் அதே நியாயம்: அதன் அடிப்பரப்புதான் தெரியும். பின்சுவரில் வலமூலையிலிருந்து 2 செ.மீ. உள்ளே, 7 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி; அதன் மேல் கான்கிரீட் கனத்துக்கு 0.3 செ.மீ. இரண்டையும் ஊசியிலிருந்து முன்விளிம்பு வரை இழுத்தால் பரண் முடிந்தது.

ஆள் யாரையாவது அறையில் நிறுத்துவதானால், ஐந்தரை அடி உயரமுள்ளவர் ஜன்னலோரம் நின்றாலும் கதவோரம் நின்றாலும் கண்மட்டக் கோடு அவருடைய தோளருகேதான் வெட்ட வேண்டும்.

மின்விசிறி

அறை வரைபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் வட்டத்தை நேரடியாகப் பெர்ஸ்பெக்டிவில் போட முடியாது. முதலில் அதைச் சுற்றியுள்ள சதுரத்தைப் போட வேண்டும். 48 அங்குல விசிறியின் இறக்கைகள் சுற்றும் வட்டம் 4 அடி விட்டம். தொங்குகம்பி போக இறக்கைகள் 8½ அடி உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அறையின் நடு இடச்சுவரிலிருந்து 6 அடி, பின்சுவரிலிருந்து 5 அடி. ஆகவே சதுரம் பக்கவாட்டில் 4 முதல் 8 அடி, ஆழத்தில் 3 முதல் 7 அடி.

பின்சுவரில் 8.5 செ.மீ. உயரத்தில் மெல்லிய கிடைக்கோடு போட்டு, இடமூலையிலிருந்து 4, 6, 8 செ.மீ.யில் குறியிடுங்கள், ஊசியிலிருந்து அவற்றை வெளியே இழுங்கள். அதே 8.5 உயரத்தை இடச்சுவர் நெடுகவும் ஊசியிலிருந்து இழுங்கள். தரையில் 3, 5, 7 அடி ஆழப்புள்ளிகளைக் கண்டு, இடச்சுவரில் செங்குத்தாக ஏறி அந்தக் கோட்டைத் தொட்டு, அங்கிருந்து கிடையாக வாருங்கள். சதுரம் கிடைக்கும்: கண்மட்டத்திலிருந்து பின்பக்கம் 4.7 செ.மீ. மேலே, முன்பக்கம் 6.2 செ.மீ. மேலே, நடு 5.3 செ.மீ. மேலே.

சதுரத்தின் நான்கு பக்க நடுப்புள்ளிகளிலும் வட்டம் தொடும். மூலைவிட்டங்களில் நடுவிலிருந்து மூலை வரையிலான தூரத்தில் பத்தில் ஏழு பங்கில் வெட்டும். இந்தப் பத்தில் ஏழையும் தாளில் நேரடியாக அளக்கக் கூடாது. நடுவிலிருந்து இருபுறமும் 1.4 அடி என்று பின்சுவரிலேயே குறித்து, ஊசிக்கோடு இழுத்து, மூலைவிட்டத்தை வெட்டுங்கள். எட்டுப் புள்ளிகளையும் கையோட்டமாக இணைத்தால் நீள்வட்டம் வரும். அதில் முனை எங்கும் கூராகக் கூடாது. பக்கவாட்டு முனைகளும் வளைவுதான்.

விசிறியின் மோட்டார் நீள்வட்டத்தின் நடுவில் அமையாது. வட்டத்தின் நடு, நீள்வட்ட நடுவை விட ஒரு மி.மீ. பின்னால், அதாவது இந்தக் கூரைப் படத்தில் கீழே இருக்கும். மூன்று இறக்கைகளுக்கு ஒரு நேர்வழி: ஒன்றை நேரே நம்மை நோக்கி 7 அடி ஆழப்புள்ளிக்கு நீட்டுங்கள். மற்ற இரண்டும் நடுவிலிருந்து 1 அடி பின்னால், அதாவது 4 அடி ஆழத்தில் போடும் கிடைக்கோடு நீள்வட்டத்தை வெட்டும் இரண்டு இடங்களுக்குப் போகும். 120 பாகை கோணமானியே இல்லாமல் வந்துவிடும். தொங்குகம்பி நடுப்புள்ளியிலிருந்து செங்குத்தாக 2 செ.மீ. ஏறிக் கூரையைத் தொட வேண்டும்.

மறைபுள்ளியை மையமாக வைத்து 11.5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் லேசாகப் போட்டுப் பாருங்கள். 60 பாகைப் பார்வைக்குள் அடங்கும் எல்லை அது. அதற்கு வெளியே போகும் பொருள்கள் இழுபடத் தொடங்கும். நம் கதவின் பெரும்பகுதி வெளியே போகிறது. நேர்கோடுகளாலான பொருள் என்பதால் உறுத்தவில்லை. வட்ட முக்காலி, குடம், பூந்தொட்டி போன்றவற்றை அங்கே வைக்காதீர்கள், முட்டை வடிவில் சாயும்.

கோட்டுக்குக் கனம், சுவருக்கு நிழல்

கட்டுமானம் முடிந்ததும் ஊசியை எடுத்துவிட்டு, தெரியும் விளிம்புகளை மட்டும் எச்பியில் எடுத்துக்காட்டுங்கள். கட்டிலின் கால்மாடு, பீரோவின் முன்விளிம்பு, பரணின் முன்முனை போன்ற கிட்டத்துக் கோடுகளுக்கு 2பி. சுவரும் கூரையும் சேரும் மூலைகளுக்கு மெல்லிய கோடே போதும். அங்கே கருத்த கோடு போட்டால் அறை பெட்டிக்குள் அடைபட்டதாகத் தெரியும். டைல்ஸ் கோடுகள் பின்னால் போகப் போக மங்க வேண்டும்.

நிழலுக்கு முன் ஜன்னலை நினையுங்கள். வெளிச்சம் பின்சுவர் வழியாக வருவதால் பின்சுவரே, ஜன்னல் சட்டத்தைத் தவிர, அறையில் இருண்ட சுவர். பக்கச்சுவர்கள் ஜன்னல் பக்கம் வெளுத்து, நம்மை நோக்கி வரக் கருக்கும். கட்டிலின் கால்மாடு வெளிச்சத்துக்கு முதுகு காட்டுவதால் கருமை, மேற்பரப்பு பளிச்சென்று. பரணின் அடிப்பரப்பில் தாராளமாக இருட்டு வைக்கலாம்.

கோணலாகப் போட்ட நாற்காலி

அறையில் எல்லாமே சுவருக்கு இணையாக இருந்தால் கடைக் காட்சிக்கூடம் மாதிரி விறைத்து நிற்கும். ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டால் அறை இளகும். திருப்பிய பொருளுக்கு நம் மறைபுள்ளி உதவாது. அதற்கென்று இரண்டு மறைபுள்ளிகள் வேண்டும், இரண்டும் அதே கண்மட்டக் கோட்டில்தான். அவற்றை இஷ்டத்துக்கு வைக்கும்போதுதான் நாற்காலியின் இருக்கை சதுரமாக இல்லாமல் சாய்சதுரமாகிறது.

கணக்கு எளிது. ஒன்று நடு மறைபுள்ளிக்கு இடப்பக்கம், மற்றொன்று வலப்பக்கம். இரண்டின் தூரங்களையும் பெருக்கினால் பார்வைத் தூரத்தின் வர்க்கம் வர வேண்டும்; இங்கே 20 × 20 = 400. 45 பாகை திருப்பினால் இருபுறமும் 20 செ.மீ.; இடப்பக்கத்தது நம் தூரப்புள்ளியேதான். 30 பாகை திருப்பினால் ஒருபுறம் 11.5 செ.மீ., மறுபுறம் 34.6 செ.மீ. வலப்பக்கம் 11.5ஐ வைத்தால் அது தாளுக்குள்ளேயே விழும். இடப்பக்கத்துப் புள்ளி தாளின் விளிம்பைத் தாண்டி 11.6 செ.மீ. வெளியே போகும். பலகையில் தாளுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, கண்மட்டக் கோட்டை அதன்மேல் நீட்டி, அங்கே குண்டூசியைக் குத்திக்கொள்ளுங்கள். பலகை போதாவிட்டால் மேசையிலேயே டேப் ஒட்டிப் புள்ளி வைக்கலாம். ஆனால் வரைந்து முடியும்வரை பலகை அசையாதபடி அதையும் மேசையோடு சேர்த்து ஒட்டிவிட வேண்டும். நாற்காலியின் உயரம் மட்டும் பழைய வழியிலேயே: பின்சுவரில் அளந்து, நடு மறைபுள்ளியிலிருந்து அதன் கால் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.